ஒரு போரின் இரு சாட்சிகள்: 1812 ஆம் ஆண்டுப் போரும் டோல்ஸ்டோயின் நாவலும்

போரைப் பற்றி எழுந்த நூல்களைக் கற்போர்க்கு வரலாறு, புனைகதை என்னும் இரண்டும் வேண்டப்படுவன. ஆயினும், அவ்விரண்டையும் எவ்வாறு கற்றல் வேண்டும் என்பது பற்றி நம்மிடையே தெளிந்த கருத்து நிலவுகின்றது எனக் கூறுதல் இயலாது. வரலாற்று நூலைத் தேர்வுக்குரிய பாடமாகவும் நாவலை ஓய்வுநேரத் துணையாகவும் கொள்வோர் ஒரு சாரார். வரலாறு வென்றோர் சமைத்த கதையே, உண்மை இலக்கியத்திலேதான் உளது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துக்களும் பொருந்தா என்பதும், இரண்டு வகை நூல்களையும் வெவ்வேறு வினாக்களோடு அணுகுதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்படும். இதற்கு எடுத்துக்காட்டாக, 1812 ஆம் ஆண்டில் நெப்போலியன் ருஷ்யாவின்மேற் படையெடுத்த போரையும், அதனைப் பொருளாகக் கொண்ட லியோ டோல்ஸ்டோயின் பெருநாவலையும் எடுத்துக்கொள்வோம். டி. எஸ். சொக்கலிங்கம் அவர்களின் மொழிபெயர்ப்பு வாயிலாகப் ‘போரும் வாழ்வும்’ என்னும் பெயரோடு தமிழ் வாசகர்க்கு நன்கு அறிமுகமானது அந்நாவல்.

போர் நிகழ்ந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1869 ஆம் ஆண்டிலே, அதனைப் பற்றிய இரு படைப்புக்கள் நிறைவெய்தின. ஒன்று, சார்ள் யோசேப் மினார் என்னும் எண்பத்தெட்டு வயதுப் பிரெஞ்சுப் பொறியியலாளர் வரைந்து வெளியிட்ட ஒற்றைத் தாள். மற்றையது, 1865 முதற் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி அவ்வாண்டில் முற்றுப்பெற்ற டோல்ஸ்டோயின் நாவல். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரிவது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு வரலாற்றின் இயல்பும் நாவலின் இயல்பும் எளிதிற் புலனாகும்.

மினாரின் தாளிலே மனித உருவம் ஒன்றேனும் இல்லை. நியேமன் ஆற்றங்கரையிலிருந்து மொஸ்கோவை நோக்கிப் பழுப்பு நிறப் பட்டையொன்று செல்கின்றது. மொஸ்கோவிலிருந்து கருநிறப் பட்டையொன்று திரும்புகின்றது. பதினாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது அவர் கொண்ட அளவு. 1812 யூன் 24 ஆம் நாள் நியேமனைக் கடக்கத் தொடங்கிய படையை 422,000 பேர் எனக் கணித்து, ஏறத்தாழ 42 மில்லிமீற்றர் அகலத்திலே பட்டையைத் தொடங்குகின்றார். மொஸ்கோவை அடையும்போது அது 100,000 பேருக்குரிய பத்து மில்லிமீற்றராகச் சுருங்கிவிடுகின்றது. திரும்பும் வழியிற் பெரசினா ஆற்றங்கரையில் 50,000 ஆக இருந்த தொகை ஆற்றைக் கடந்தபின் 28,000 ஆகின்றது. நியேமனை மீண்டும் அடைந்தோர் 10,000 பேர். பட்டை ஒரு மில்லிமீற்றராய் மெலிந்து முடிகின்றது.

இத்தாள் எண்களை அடுக்கிக் காட்டுவதோடு அமையாது, பரம்பரையாக வந்த ஓர் எண்ணத்தையும் அசைக்கின்றது. நெப்போலியனின் படையை ருஷ்யக் குளிரே அழித்தது என்பது பலரும் கூறும் கூற்று. இக்கூற்றுக்கு வித்திட்டோருள் நெப்போலியனே முதல்வன் எனலாம். 1812 திசெம்பர் 3 ஆம் நாள் வெளியிட்ட தன் இருபத்தொன்பதாம் போர் அறிக்கையிலே படையின் அழிவுக்கு அவன் காட்டிய பெருங்காரணம் குளிர். இயற்கையின்மேற் பழி விழுமாயின் தளபதியின் பெயர் பிழைக்கும் அன்றோ? ஆனால் மினாரின் பட்டையைக் காண்க. வழியிற் பிரித்து அனுப்பப்பட்ட படைப்பகுதிகளைக் கழித்தாலும், பேரிழப்பு மொஸ்கோவுக்குச் செல்லும் வழியிலேயே, கோடையிலேயே நேர்ந்துவிட்டது. வெயிலும் சீதபேதியும் தைபசுக் காய்ச்சலும், குதிரைகளுக்குத் தீவனமின்மையும், வண்டிகள் பின்தங்கியமையால் உணவின்மையும் அப்படையை அரித்துவிட்டன. கடுங்குளிர் வந்தது நவம்பர் மாதத்திலே. அது எஞ்சியோரைக் கொன்றது. முன்னரே மாண்டோரை அது கொன்றதாகக் கூறுதல் பொருந்தாது. அரசன் ஒருவன் தன் கையொப்பத்தோடு பரப்பிய காரணத்தை எண்ணிக்கையால் நிறுத்துப் பார்க்கும் ஆற்றல் வரலாற்றுக்குரியது. இவ்வாற்றலை எந்த நாவலும் வரலாற்றினிடமிருந்து பறித்தல் இயலாது.

இனி, அத்தாள் கூறாதது யாது என நோக்குவோம். பெரசினாவிலே பட்டை சுருங்கும் இடத்தில் இருபத்தீராயிரம் பேர் மறைகின்றனர். அவர்கள் என்ன கண்டார்கள், எதனை அஞ்சினார்கள், ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினார்கள் என்பன அக்கோட்டில் இல்லை, இருத்தலும் இயலாது. நாவலாசிரியனின் பணி இவ்விடத்திலே தொடங்குகின்றது.

டோல்ஸ்டோய் பிறந்தது 1828 இல். ஆதலின் 1812 ஆம் ஆண்டுப் போரை அவர் கண்டவரல்லர். ஆயினும் போரை அறியாதவருமல்லர். கிரைமியப் போரிலே 1854, 1855 ஆம் ஆண்டுகளிற் செவஸ்தப்போல் அரண்காவலிற் பீரங்கிப்படை அதிகாரியாய் நின்றவர். நாவலை எழுதும்போது நூல்களையும் நினைவுக்குறிப்புக்களையும் திரட்டிக் கற்றதோடு, 1867 இற் போரொடினோக் களத்துக்கு நேரிற் சென்று நிலத்தையும் ஆராய்ந்தார். அக்களத்திலே 1812 செப்தெம்பர் 7 ஆம் நாள், ஒரே பகலில், இரு பக்கத்தும் இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 70,000 பேர் வீழ்ந்தனர் என மதிப்பிடுவர்.

இப்பெருந்தொகையை டோல்ஸ்டோய் எவ்வாறு காட்டுகின்றார்? இளவரசன் அந்திரேயின் படைப்பிரிவு பின்னணியிலே நிறுத்தப்பட்டுள்ளது. அதற்குச் செய்யத்தக்க தொழில் யாதுமில்லை. இடம்பெயராமலும் ஒரு முறையேனும் சுடாமலும், பகைவர் பீரங்கிக் குண்டுகளுக்கு அது தன் வீரர்களிற் பெரும்பங்கினரைப் பலிகொடுக்கின்றது. உயிரோடிருப்போர் வைக்கோலைப் பின்னுகின்றனர். காலுறைத் துணியை அவிழ்த்து மீண்டும் சுற்றுகின்றனர். உழுத நிலத்து மண்ணாற் சிறு வீடு கட்டுகின்றனர். எங்கிருந்தோ வந்த நாயொன்று வாலை நிமிர்த்திக்கொண்டு அணியின் முன்னே ஓடுகின்றது. அனைவரும் அதனை நோக்குகின்றனர். அண்மையிற் குண்டு விழவே அது வீரிட்டு ஓடுகின்றது. வீரச்செயல் எனக் கூறத்தக்கது அங்கு ஒன்றுமில்லை. காத்திருத்தலே அவர்களின் போர். தளபதிகளின் கட்டளைகளையும் அணிகளின் நகர்வையும் விரிக்கும் போர்வரலாற்றில் இத்தகைய பிரிவுக்கு ஒரு வரி கிடைத்தலே அரிது. நாவலோ அவ்வொரு வரியினுள் அடங்கிய மணிக்கணக்கான நேரத்தை நமக்கு அளிக்கின்றது.

இதனினும் நுட்பமான பணியொன்றையும் இந்நாவல் செய்கின்றது. போரைப் பற்றிய சாட்சியம் எவ்வாறு பிறழ்கின்றது என்பதை அது உள்ளிருந்து காட்டுகின்றது. இளைஞனான நிக்கலாய் ரொஸ்தோவ் தன் முதற்போரைப் பற்றி நண்பர்களுக்கு உரைக்கும் பகுதியைக் கற்றோர் மறவார். நடந்ததை நடந்தவாறே கூறவேண்டும் என்னும் எண்ணத்தோடுதான் அவன் தொடங்குகின்றான். உண்மையில் அவன் குதிரையிலிருந்து வீழ்ந்து, கையிற் காயமுற்று, பிரெஞ்சு வீரரைக் கண்டு காட்டினுள் ஓடியவன். ஆனால் கேட்போர் எதிர்பார்ப்பது குதிரைப்படைப் பாய்ச்சல் ஒன்றையே. அவ்வகைக் கதைகளை அவர்கள் முன்னரும் கேட்டிருக்கின்றனர். அவன் தன்னையறியாமலே அவர்கள் விரும்பிய கதைக்குள் வழுவிவிடுகின்றான். பொய்யுரைக்கும் கருத்து அவனுக்கு இல்லை. வழக்காறு அவன் நாவை இழுத்துச் செல்கின்றது.

இதே ரொஸ்தோவ், 1812 இல் ஒஸ்த்ரோவ்னோ என்னும் இடத்தில், பிரெஞ்சு அதிகாரி ஒருவனைத் துரத்திச் சென்று வாளால் வெட்டுகின்றான். வீழ்ந்தவனை நோக்கும்போது, மோவாயிற் குழி விழுந்த, நீலக் கண்களையுடைய, வீட்டிலே காணத்தக்க இளமுகம் ஒன்றையே காண்கின்றான். அச்செயலுக்காக அவனுக்குப் புனித ஜோர்ஜ் சிலுவை என்னும் விருது கிடைக்கின்றது. விருதளித்த ஏட்டிலே வீரம் என்று பதிவாகியிருக்கும். அவன் நெஞ்சிலோ விளங்காத வெட்கம் ஒன்று தங்கிவிடுகின்றது. வரலாற்றாசிரியர் கற்பது அவ்வேட்டையே. அதனை எழுதியோரின் உள்ளத்திற் கிடந்து ஏட்டில் ஏறாதவை பல என்னும் எச்சரிக்கையை அவர் நாவலிடத்துப் பெறலாம். அவ்வகையில் இந்நாவல் வரலாற்றுக்குப் பகையன்று. சான்றுகளை ஐயுற்று நோக்கும் முறையை வரலாற்று மாணவனுக்குக் கற்பிக்கும் ஆசான் எனலாம்.

நம் முன்னோர் புறப்பொருளை வகுத்தபோது வெற்றியைப் பாடுதற்கு வாகை என்றும், நிலையாமையை உணர்த்துதற்குக் காஞ்சி என்றும் வேறு வேறு திணை கண்டனர். ஒரே போர் இருவகையிலும் பாடப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஔஸ்தர்லித்சுக் களத்தில் அந்திரே காயமுற்று மல்லாந்து கிடந்து உயர்ந்த வானத்தை நோக்குகின்றான். தான் போற்றிய நெப்போலியன் அருகில் வந்து நின்றபோதும் அவன் சிறியனாகவே தோன்றுகின்றான். இப்பகுதி காஞ்சியின் பாற்பட்டது. ருஷ்யா வென்ற போரைப் பற்றி ருஷ்யர் ஒருவர் எழுதிய நூலில் வாகையினும் காஞ்சியே மேலோங்கி நிற்றல் அதன் பெருமைக்குரிய காரணங்களுள் ஒன்றாகும்.

இதுகாறும் நாவலின் சிறப்பைக் கூறினோம். ஆயினும் டோல்ஸ்டோய் நாவலாசிரியராக மட்டும் அமையவில்லை. கதையை இடையிடையே நிறுத்தி, வரலாற்றாசிரியர்களோடு வழக்காடுகின்றார். 1868 இல் எழுதிய விளக்கக் கட்டுரையொன்றிலே, வரலாற்றாசிரியர் நோக்குவது நிகழ்ச்சியின் விளைவை, கலைஞன் நோக்குவது நிகழ்ச்சியையே என வேறுபடுத்தினார். வரலாற்று மாந்தர் பேசுமிடங்களில் தாம் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டதாகவும் கூறினார். இவ்வாறு வரலாற்றின் அவையிலே ஏறி வழக்குரைப்பவரை வரலாற்றின் சட்டத்தாலேயே ஆராய்தல் முறையாகும்.

அவ்வாறு ஆராயுமிடத்துச் சில வழக்குகளில் அவர் வெல்கின்றார். மொஸ்கோவிலிருந்து வியாஸ்மா வரையும் அதற்கப்பாலும் பிரெஞ்சுப் படை தேய்ந்த வீதத்தைக் கணக்கிட்டு, குளிர் மிகுந்தபோதும் குறைந்தபோதும் அது ஒரே வகையில் உருகிற்று என அவர் வாதிடுகின்றார். குளிரின்மேற் பழி சுமத்துவதை மறுக்கும் அளவில் இது மினாரின் தாளோடு ஒத்துச் செல்கின்றது.

வேறு சில வழக்குகளில் அவர் தோற்கின்றார். அவற்றுள் தலையாயது பார்க்ளே டி டொலி பற்றியது. 1810 முதற் போர் அமைச்சராயிருந்து, நெப்போலியனோடு எல்லையிற் பொருதாமல் நாட்டினுள் பின்வாங்கி அவன் படையைத் தேயவிடும் திட்டத்தை முன்னரே வகுத்தோருள் முதன்மையானவர் பார்க்ளே. பின்வாங்கியமைக்காகவே அவர் தூற்றப்பட்டார். ருஷ்யப் பெயரல்லாத பெயர் உடையவராதலால் ஐயுறவுக்கும் உள்ளானார். அவருக்குப் பதிலாகத் தலைமையேற்ற குத்தூசொவும் பின்வாங்கி மொஸ்கோவையும் கைவிட்டார் என்பது கருதத்தக்கது. டோல்ஸ்டோயின் நாவலில் குத்தூசொவ் மக்களின் ஆன்மாவை உணர்ந்த ஞானியாகின்றார். பார்க்ளேயோ, தந்தை நலமாயிருக்குங்காற் பயன்பட்டு, நோயுற்ற வேளையில் விலக்கத்தக்க வேலையாளுக்கு ஒப்பிடப்படுகின்றார். இது அந்திரேயின் வாய்மொழியாக வருவதே எனினும், நூலின் போக்கு அதனை மறுக்கவில்லை. இவ்வநீதி புனைகதையின் இயல்பாலே தவிர்க்கவொண்ணாதது என்று கூறுதற்கும் இடமில்லை. ஏனெனில் புஷ்கின் 1835 இலேயே பார்க்ளேயைப் போற்றிக் கவிதை இயற்றியிருந்தார். இலக்கியம் செய்யக்கூடிய நீதியை ஒரு கவிஞர் செய்தார். பின்வந்த நாவலாசிரியர் அதனைத் தொடரவில்லை.

நாவல் வெளிவந்த காலத்திலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. இளமையிற் போரொடினோவிலே காலை இழந்து, பிற்காலத்திற் கல்வி அமைச்சராயிருந்த அவ்ராம் நோரொவ் 1868 இல் ஒரு மறுப்பு எழுதினார். தாமும் தம் தோழரும் பட்ட பாட்டை, தளபதிகளை ஒன்றுமறியாதோராகக் காட்டும் கதையொன்று சிறுமைப்படுத்திவிட்டது என்பது அவர் மனக்குறை. நோரொவ் கூறியன அனைத்தும் சரியென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், போரை உடலால் அறிந்த ஒருவர் அப்போரைப் பற்றிய பெருநாவலைக் கண்டு, இது நான் கண்டதன்று என்று உரைக்கும்போது விமர்சகர் செவிசாய்த்தல் கடன்.

இவற்றினும் பெரியது நாவல் கூறாது விட்ட பகுதி. 1812 உடன் போர் முடியவில்லை. ருஷ்யப் படை யேர்மனியைக் கடந்து சென்று 1814 மார்ச்சு 31 ஆம் நாள் நேச நாட்டுப் படைகளோடு பாரிசினுள் நுழைந்தது. டோல்ஸ்டோயின் கதையோ 1812 ஆம் ஆண்டு இறுதியிற் போர்க்களத்தை விட்டு நீங்கி, முடிவுரையில் 1820 ஐ அடைந்துவிடுகின்றது. 2009 இல் டொமினிக் லீவன் என்னும் வரலாற்றாசிரியர் ருஷ்யாவின் பக்கமிருந்து இப்போரை விரிவாக எழுதியபோது இவ்விடைவெளியைச் சுட்டிக்காட்டினார். படைக்கு ஆள் சேர்த்தல், உணவு அனுப்புதல், குதிரைகளைத் திரட்டிப் பயிற்றல் ஆகிய அரச பணிகளே அவ்வெற்றியைத் தாங்கின என்றும், குதிரைகளின் பங்கு தனித்துக் கூறத்தக்கது என்றும் அவர் காட்டினார். நாவலைக் கற்றோர்க்கு வெற்றி மண்ணிலிருந்து தானே முளைத்தது போலத் தோன்றும். வரலாறோ, அதற்குப் பின்னே எழுத்தர்களின் கணக்கேடுகளும் தானிய வண்டிகளும் இருந்தன என உணர்த்துகின்றது. இருபத்தைந்து ஆண்டுச் சேவைக்கென ஊரிலிருந்து பிரிக்கப்பட்ட பண்ணையடிமைகளின் வாழ்வும் அவற்றோடு சேர்ந்ததே. டோல்ஸ்டோய் அடிமைகளை முற்றும் மறந்தவரல்லர். பொகுச்சாரொவோவிற் குடியானவர் பணிய மறுத்ததை எழுதியிருக்கின்றார். ஆனால் அக்காட்சி பிரபுக் குடும்பத்துப் பெண்ணின் அச்சத்திலிருந்தும், அவளை மீட்க வந்த அதிகாரியின் கையோங்கலிலிருந்துமே காட்டப்படுகின்றது. குடியானவர் மறுத்ததன் காரணம் அவர்தம் உள்ளத்திலிருந்து சொல்லப்படவில்லை.

வரலாற்றாசிரியரிடத்தும் குறையுண்டு. நெடுங்காலம் அவர்கள் நெப்போலியனையும் அலெக்சாந்தரையும் சதுரங்க ஆட்டக்காரராகவே கண்டனர். பிரெஞ்சுப் படை எனப்பட்டதிலே யேர்மானியர், போலந்தர், இத்தாலியர் எனப் பல்லாயிரவர் தம்முடையதல்லாத போரிலே மாண்டமையை நெடுநாள் பெரிதுபடுத்தினாரல்லர். வூர்ட்டெம்பேர்க் நாட்டுக் காலாட்படை வீரரும் கற்றச்சருமான யாக்கோப்பு வால்ட்டர் என்பாரின் நினைவுக்குறிப்பு 1938 இலேதான் நூலாயிற்று. அதில் மேலோங்கி நிற்பது பசி.

ஆயினும், வரலாற்றின் குறைக்கும் நாவலின் குறைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. வரலாறு திருத்தப்படுவது. 2001 இல் லித்துவேனியாவின் தலைநகரான வில்னியூசில், பின்வாங்கும் வழியில் மாண்ட நெப்போலியன் படையினரின் பெரும்புதைகுழி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அதில் இருந்தன. அவர்களிற் சிலரின் பற்களை ஆராய்ந்து, பேன் பரப்பும் தைபசு முதலிய காய்ச்சல்களின் அடையாளம் உளது என 2006 இல் அறிவித்தனர். 2025 இல் வேறு ஆய்வாளர் புதிய முறையால் 13 வீரரின் பற்களை ஆராய்ந்தபோது அவற்றில் தைபசின் அடையாளம் கிடைக்கவில்லை. நெருப்புக்காய்ச்சலை ஒத்த காய்ச்சலொன்றும், விட்டுவிட்டு மீளும் காய்ச்சலொன்றும் புலப்பட்டன. முன்னைய முடிவு இதனால் முற்றும் வீழ்ந்துவிடவில்லை. ஆனால் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வரலாறு தன் ஏட்டைத் திருத்திக்கொண்டிருக்கின்றது.

நாவலுக்கு இத்தகைய திருத்தம் இல்லை. பார்க்ளேயின் பெருமையை நூறு ஆய்வுகள் நிலைநாட்டினும் நாவலில் உள்ள பார்க்ளே மாறப்போவதில்லை. புதிய பதிப்புக்கள் வரும். புதிய வாசகர் வருவர். அதே அநீதி அதே அழகோடு மீண்டும் நிகழும். நாவல் எத்துணைச் சிறந்ததாயிருக்கின்றதோ அத்துணை வலிமையோடு அதன் பிழையும் நிலைபெறும். வரலாற்று நூல் பழமையுற்றால் நூலகத்தின் பின்வரிசைக்குச் செல்லும். டோல்ஸ்டோயின் நூல் முன்வரிசையிலேயே இருக்கும். ஆதலின் நாவலைத் திருத்தும் கடமை நாவலின் மேலதன்று. அது கற்போரின் மேலது. இக்கடமையை உணராது நாவலைக் கற்பவர் நாவலுக்கும் தீங்கு செய்கின்றார்; அது தாங்கமாட்டாத சுமையை அதன்மேல் ஏற்றுகின்றார்.

ஆகவே, போரைப் பற்றிய நூல்களைக் கற்கும் மாணவர் சில வினாக்களைத் தமக்குள் வைத்திருத்தல் நன்று. வரலாற்று நூலை எடுத்தால், இது எச்சான்றிலிருந்து அறியப்பட்டது, அச்சான்றை எழுதியவருக்கு எதனை மறைக்கும் தேவை இருந்தது, எண்ணப்படாதோர் யாவர் எனக் கேட்க. நாவலை எடுத்தால், அச்சத்திலும் பசியிலும் மனிதர் இவ்வாறுதான் நடப்பரோ, இக்காட்சி எவருடைய கண்ணால் நமக்குக் காட்டப்படுகின்றது, யாருடைய கண் இதிற் சேர்க்கப்படவில்லை எனக் கேட்க. நாவலாசிரியர் காரணங்கூறப் புகும்போதும், வரலாற்றாசிரியர் தளபதியின் உள்ளத்துள் நுழைந்து அவன் எண்ணங்களை வருணிக்கும்போதும் விழிப்போடிருக்க. ஒருவர் மற்றவரின் நிலத்தில் நடக்கும் இடங்களிலேதான் இருவரும் பெரிதும் வழுவுவர்.

மாண்டோர்க்கு நூல்கள் இழைக்கக்கூடிய தீங்கு இருவகையது. ஒன்று, அவர்களை வெறும் எண்ணாக்கி விடுதல். மற்றது, அவர்கள் எத்தனை பேர், எதனால் மாண்டனர், யார் ஆணையால் அங்குச் சென்றனர் என்னும் வினாக்களைக் கண்ணீரால் மூடிவிடுதல். மினாரின் தாளை மட்டும் கற்றவர் முதலாவதற்கு ஆளாகக்கூடும். டோல்ஸ்டோயை மட்டும் கற்றவர் இரண்டாவதற்கு ஆளாகக்கூடும். போரைக் கண்ட தலைமுறை மறைந்து, போரை நூல்வழி அறியும் தலைமுறை எழுகின்ற நாடு எதுவாயினும், அங்குள்ள பள்ளிகளும் கல்லூரிகளும் இவ்விரு நூல்வகைகளையும் ஒரே மேசைமீது வைத்துக் கற்பித்தல் வேண்டும். எழுபதாயிரம் என்னும் எண்ணைப் படிக்கும்போது வைக்கோல் பின்னிய கைகளையும் நினைத்தல் வேண்டும். அக்கைகளைப் படிக்கும்போது எழுபதாயிரத்தையும் மறவாதிருத்தல் வேண்டும்.